பித்தளையும் பாடும்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடுவது நம் வழக்கம். அந்நகரத்து மக்கள் காலந்தோறும் எவ்வெவ்வோசைகளைக் கேட்டு வாழ்ந்தார்கள் என்று நாம் வினவுவதில்லை. திருகோணமலையைப் பொறுத்தவரை இவ்வினா மிகவும் பொருத்தமானது. திருஞானசம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகத்திலேயே கடலின் ஆரவாரம் கேட்கிறது. அந்த ஆரவாரத்தோடு சங்கொலியும் ஆலய மணியும் நாகசுரமும் கலந்து ஒலித்த ஊர் இது. பறங்கியர் கொணர்ந்த வயலினும், கப்ரிஞ்ஞா ஆட்டத்தின் தாளமும் பின்னர் வந்து சேர்ந்தன. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னர், இன்னுமோர் ஓசை இந்நகரில் நிலைகொண்டது. அது பித்தளையின் ஓசை.

பித்தளை வாத்தியங்கள் இங்கே பாடுவதற்காக வரவில்லை, கட்டளையிடுவதற்காக வந்தன. விடியலில் கொடியேற்றவும், அந்தியில் கொடியிறக்கவும், அணிவகுப்பில் கால்களை ஒன்றுபடுத்தவும், வந்திறங்கும் தளபதியை வரவேற்கவும் அவை முழங்கின. பிரித்தானியப் பெரும் போர்க்கப்பல்களில் கடற்படைத் துருப்பினரின் வாத்தியக் குழுக்கள் இருந்தன. அவற்றின் இசை அதிகாரத்தின் குரலாகவே கரையோர மக்களின் செவியில் விழுந்தது. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்த நாளையும், அதன்பின் பெருங்கடற்படை இங்கே குவிந்த ஆண்டுகளையும் கண்ட முதியோர், அக்காலத்துப் பித்தளையோசையைப் பற்றித் தம் மக்களுக்குக் கதை கூறியிருப்பர். 1957 ஒக்டோபர் 15ஆந் தேதி துறைமுகம் இலங்கையின் கைக்கு வந்தது. கப்பல்கள் சென்றன, வாத்தியங்களின் வழக்கம் நின்றது. இன்றும் நம் கடற்படைக்கு வாத்தியக் குழு உண்டு. இங்குள்ள கடற்படைக் கழகத்திற் பயிற்சி முடித்து வெளியேறும் இளைஞர்கள் பித்தளை முழக்கத்துக்கே அடியெடுத்து வைக்கின்றனர். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளிலும் பாண்ட் வாத்தியம் இன்றியமையாததாகி விட்டது.

ஆயினும் இவ்வளவு காலமும் இந்தப் பித்தளையை நாம் நடக்கவே வைத்திருக்கிறோம், பாட வைத்தோமில்லை. அதைப் பாடவைக்கும் வழியொன்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்க விழைகின்றோம். நம் மக்கள் மனப்பாடமாக அறிந்த திரைப்பாடல்களை, டிரொம்போன் என்னும் வாத்தியம் நான்கு அல்லது எட்டுச் சேர்ந்த குழுவுக்கென முறையாக அமைத்து எழுதுதலே அவ்வழி. கேட்டவுடன் இது விளையாட்டாகத் தோன்றலாம். இலக்கியப் பகுதியிலே இதற்கென்ன இடம் என்று முகஞ்சுளிப்பாரும் இருக்கலாம். சற்றுப் பொறுமையுடன் எம்முடன் வருமாறு வேண்டுகின்றோம்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்குவோம். திருகோணமலைத் தளம் கைமாறிய அதே 1957 ஒக்டோபர் மாதத்தில், "குவாய் நதிப் பாலம்" என்ற ஆங்கிலத் திரைப்படம் இலண்டனில் வெளியாயிற்று. டேவிட் லீன் நெறிப்படுத்திய அப்படத்தின் பெரும்பகுதி, களனி நதி பாயும் நம் கித்துல்கலையிற் படமாக்கப்பட்டது. யப்பானியரிடம் கைதிகளான பிரித்தானியப் போர்வீரர்கள், கிழிந்த காலணிகளுடன் முகாமுக்குள் நுழைகையில் ஒரு மெட்டைச் சீழ்க்கையடித்து வருகிறார்கள். "கேணல் போகி" எனப்படும் அந்த அணிநடை மெட்டு 1914இல் ஆக்கப்பட்டது. கென்னத் ஆல்போர்ட் என்ற புனைபெயரில் அதை ஆக்கிய எப். ஜே. ரிக்கெற்ஸ் அப்போது இராணுவ வாத்தியக் குழுத் தலைவர். பிற்காலத்திற் கடற்படைத் துருப்பினரின் இசை இயக்குநர். கோல்ப் மைதானத்தில் ஒருவர் அடித்த சீழ்க்கையின் இரண்டு சுரங்களே அதற்கு வித்தாயின என்பர்.

படத்துக்கு இசையமைத்த மல்கம் ஆர்னல்ட், இலண்டன் பில்ஹார்மோனிக் குழுவிலே டிரம்பெற் வாசித்தவர். பித்தளையின் இயல்பை நன்கறிந்தவர். எல்லோரும் அறிந்த பழைய மெட்டை அவர் சிதைக்கவில்லை. அதனோடு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய வேறொரு மெட்டைப் புதிதாக ஆக்கி அதன் பக்கத்திலே நடக்கவிட்டார். களைத்த மனிதரின் சீழ்க்கைக்குத் துணையாக வாத்தியங்கள் மெல்ல எழுகின்றன. பழைய மெட்டும் புதிய மெட்டும் கைகோத்துச் செல்கின்றன. இசை அமைத்தல் என்ற கலையின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. உள்ள பாட்டைக் காப்பாற்ற வேண்டும். அது முன்பு காட்டாத முகமொன்றையும் காட்ட வேண்டும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அம்மெட்டுக்குப் போர்வீரர்கள் ஏளனமும் ஆபாசமும் கலந்த சொற்களைக் கட்டி நெடுங்காலம் பாடி வந்தனர். படத்தில் அச்சொற்கள் இல்லை. சீழ்க்கை மட்டுமே உண்டு. ஆனால் அன்று கொட்டகையிலிருந்த ஆங்கிலேயருக்கு அச்சொற்கள் மனத்துள் ஒலித்தன. சிறைகாவலன் முன்னே வாய்திறந்து சொல்ல முடியாத எதிர்ப்பு, சொல்லில்லாத மெட்டால் வெளிப்பட்டது. சொல்லை நீக்கிய பின்னரும் பாட்டிற் சொல் உறைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம்மவர் செவிகளிலும் அவ்வாறு உறைந்து கிடக்கும் பாடல்கள் எண்ணிறந்தவை. போர்க்காலத்தில் நேசப்படையினருக்காகக் கொழும்பில் அமைந்த வானொலி நிலையத்தின் சாதனங்கள் போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்தன. 1949இல் இலங்கை வானொலி தனி நிறுவனமாயிற்று. 1950களில் இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தபோது, கடல்கடந்த தமிழகமும் கொழும்பின் அலைவரிசையையே நாடியது. படைகளுக்காக எழுந்த சாதனம் பாட்டுக்கு ஊழியம் செய்த விந்தை அது. படைக்கென வந்த பித்தளையும் அதே வழியிற் செல்லலாகாதா?

செல்லவில்லை என்று முற்றாகக் கூறவும் முடியாது. கலியாண ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பாண்ட் வாத்தியக்காரர் திரைப்பாடல்களை வாசித்தே வருகின்றனர். ஊர்வலத்தில் எல்லோர்க்கும் முன்னால் நடக்கும் அக்கலைஞர், பந்தியிலே எல்லோர்க்கும் பின்னால் அமர்கின்ற நிலையை நாம் அறிவோம். அவர்களின் செவித்திறன் வியக்கத்தக்கது. இருமுறை கேட்ட பாட்டை மூன்றாம் முறை வாசித்துக் காட்டுவோர் அவர்களிடையே உண்டு. ஆனால் அவர்களுக்கென்று எவரும் எதையும் எழுதித் தந்ததில்லை. அதனால் பத்து வாத்தியங்களும் ஒரே மெட்டை ஒரே உச்சத்தில் ஊதுகின்றன. பின்னணியும் எதிர்மெட்டும் இடையிசையும் ஒதுங்கி, பாட்டு ஒற்றை நூலாகத் தேய்கின்றது. ஒரு முதிய கலைஞர் மறையும்போது அவர் செவியாற் சேர்த்த அத்தனையும் அவரோடு மறைகின்றது. எழுத்தில்லாக் கலையின் துயரம் இது. ஏடு காத்த சமூகத்தினராகிய நாம் இத்துயரை உணராதிருப்பது வியப்பே.

பல பித்தளை வாத்தியங்கள் இருக்க, டிரொம்போனை ஏன் தெரிந்தெடுக்க வேண்டும்? அதன் அமைப்பே விடை கூறும். டிரம்பெற் முதலியவற்றில் விரலால் அமுக்கும் வால்வுகள் உள்ளன. சுரங்கள் படிக்கட்டுப் போல் தனித்தனியே நிற்கும். டிரொம்போனில் அவ்வாறில்லை. ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள அதன் குழலில் ஒரு பகுதி முன்னும் பின்னும் நகரும். வலக்கையால் அதை நீட்டக் குழல் நீண்டு சுரம் தாழும். ஒடுக்கக் குழல் குறுகிச் சுரம் உயரும். அரைச்சுர இடைவெளியில் ஏழு நிலைகளை ஆசிரியர் கற்பிப்பர். ஆனால் அந்நிலைகளைக் காட்டும் கோடோ மெட்டோ குழலில் இல்லை. செவிதான் அளவுகோல். வீணையினும் வயலினுக்கு இது நெருங்கிய உறவு. வயலினைப் போலவே மனிதக் குரலுக்கும் உறவு. ஆண் குரலின் எல்லையும் இவ்வாத்தியத்தின் எல்லையும் பெரிதும் ஒத்திருப்பது அவ்வுறவை இன்னும் நெருக்கமாக்குகின்றது.

இங்கே ஒரு பெரியவரை நினைவுகூர்தல் தகும். 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைக் கொண்டே மறைந்த யாழை மீட்டெடுக்க முயன்றார். அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். யாழ் நரம்புக்கு அவர் செய்த ஆராய்ச்சியை டிரொம்போன் குழலுக்கும் ஒரு மாணவன் செய்து பார்க்கலாம். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குக் கை ஏறத்தாழ 3 அங்குலம் நகர்கிறது. ஆறாம் நிலையிலிருந்து ஏழாம் நிலைக்கு 4 அங்குலத்துக்கும் மேலாக நகர வேண்டும். குழல் நீள நீள ஒவ்வோர் அரைச்சுரத்துக்கும் கூடுதலான நீளம் வேண்டியிருப்பதே காரணம். பௌதிகமும் சங்கீதமும் ஒரே வகுப்பிற் சந்திக்கும் இடம் இது.

சுரங்களின் இடையே வழுக்கிச் செல்லும் கமகத்தை நம் சங்கீதத்தில் ஜாரு என்பர். மற்றப் பித்தளை வாத்தியங்கள் அதை நடிக்கவே முடியும். டிரொம்போன் அதை உண்மையாகவே செய்யும். ஆனால் அதற்கும் எல்லையுண்டு. ஏழாம் நிலையிலிருந்து முதல் நிலைவரை இடையறாது இழுத்தால் ஆறு அரைச்சுரங்கள் மட்டுமே கிடைக்கும். அதாவது ஷட்ஜத்திற் புறப்பட்ட ஜாரு பிரதி மத்திமத்தில் முடிந்துவிடும், பஞ்சமத்தைத் தொடாது. அப்பால் செல்ல வேண்டுமாயின் உதட்டின் இறுக்கத்தை மாற்றி வேறொரு சுரத்தொடருக்குத் தாவ வேண்டும். அமைப்பவர் இவ்வுண்மையை அறியாது எழுதினால், கேட்பவர் செவிக்கு இனிமைக்குப் பதிலாக இடறலே எட்டும்.

இன்னுமோர் இடரையும் காண்க. கீழ்த்தாயியில் "பி-பிளாட்" என்ற சுரம் முதல் நிலையிற் பிறக்கின்றது. அதற்கு அரைச்சுரமே உயர்ந்த "பி" பிறப்பதோ ஏழாம் நிலையில். செவிக்கு அடுத்த வீடு. கைக்கு ஏறத்தாழ 2 அடிப் பயணம். பி-பிளாட்டை ஷட்ஜமாகக் கொண்டு, தோடி அல்லது மாயாமாளவகௌளையைத் தழுவிய பாடலொன்றை எழுதினால், சுத்த ரிஷபம் வருந்தோறும் வாசிப்பவர் தவிப்பார். ஷட்ஜத்தைச் சற்றே உயர்த்திச் "சி"யில் வைத்துவிட்டால், ஷட்ஜம் ஆறாம் நிலையிலும் சுத்த ரிஷபம் ஐந்தாம் நிலையிலும் அருகருகே அமைந்து கை இளைப்பாறும். பெருவிரலால் இயக்கும் கூடுதற் குழலுள்ள வாத்தியங்களில் இத்தொல்லை குறையும். தொடக்க மாணவர் கையிற் கிடைப்பவை பெரும்பாலும் எளிய வாத்தியங்களே. ஆகவே சுருதியைத் தெரிதல் என்பது அமைப்பவரின் முதற் கடமையும் முதற் கருணையும் ஆகும்.

டிரொம்போன் குழு ஒன்றும் நேற்று முளைத்த புதுமையன்று. 1812இல் லின்ஸ் நகரில் பேதோவன் நான்கு டிரொம்போன்களுக்கென மூன்று சிறு உருப்படிகளை ஆக்கினார். இறந்தோரை நினைவுகூரும் நாளுக்கென எழுதப்பட்ட அவை, 1827இல் அவருடைய சவ அடக்கத்திலேயே ஒலித்தன. அப்போது அவற்றிற்குச் சொற்களைப் பொருத்தி ஆண்குரல்களும் பாடின. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரத்து மொரேவிய சபையினர் 1754 முதல் டிரொம்போன் குழுவைப் பேணி வருகின்றனர். இக்காலத்தில் மேல்நாட்டு இசைக்கல்லூரி மாணவர்கள், ஜோன் வில்லியம்ஸ் 1977இல் "ஸ்டார் வார்ஸ்" படத்துக்கு ஆக்கியது போன்ற திரையிசையை டிரொம்போன் குழுவுக்கு அமைத்து மகிழ்கின்றனர். துக்கத்துக்கும் வழிபாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே வாத்தியம் குரல் கொடுத்திருக்கிறது.

நம் மரபிலும் இதன் எதிர்த்திசைப் பயணம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்களில் ஒலித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. நோட்டுசுர சாகித்தியங்கள் என இன்றும் சிறுவர் அவற்றைக் கற்கின்றனர். அதிகாரத்தின் மெட்டு ஒரு மகானின் வாயில் தெய்வ வணக்கமாயிற்று. 1893இல் சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேலைச் சுரக்குறியில் எழுதி வெளியிட்டார். அந்நிய வாத்தியம் என்று எதனையும் நம் முன்னோர் வெறுக்கவில்லை. வயலின் இன்று நம் கச்சேரியின் வலக்கை. கிளாரினெற்றை ஏ. கே. சி. நடராசனும், சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம் இராகங்களுக்கு இசையச் செய்தனர். 1994இல் "டூயட்" படத்தில் கோபால்நாத்தின் சாக்சபோனைக் கேட்டு உருகியவர்கள், உலோகக் குழலுக்கு நெஞ்சமில்லை என்று கூறத் துணியார்.

இனி, அமைக்கும் முறையைச் சிறிது நோக்குவோம். துறைமுக நகருக்குப் பொருத்தமான பாட்டொன்றையே எடுத்துக்கொள்வோம். 1964இல் வெளிவந்த "படகோட்டி" படத்தில், மீனவரின் துயரைச் சொல்லும் பாட்டொன்று வருகிறது. வாலி எழுதினார், விசுவநாதனும் இராமமூர்த்தியும் இசையமைத்தனர், டி. எம். சௌந்தரராஜன் பாடினார். கொட்டியாரக் குடாவின் கரைகளில் வலையிழுக்கும் எவரும் அதைத் தம் பாட்டென்றே கொள்வர். அதை நான்கு டிரொம்போன்களுக்கு அமைப்பவன் முதலில் என்ன செய்வான்?

முதலிற் சொல்லைக் கற்பான். வாத்தியத்திற் சொல் இல்லையே என்று எண்ணலாகாது. பாடகர் எங்கே மூச்செடுத்தார், எந்தச் சொல்லில் அழுத்தினார், எங்கே குரலைத் தழைத்தார் என்பவற்றைச் சொல்லே தீர்மானித்தது. வாசிப்பவரின் மூச்சும் அங்கேயே நிற்க வேண்டும். சொல்லின் நடுவே மூச்சுவிட்டால், சொல் கேளாத போதிலும் அது முறிந்தது செவிக்குத் தெரியும். வல்லினம் தொடங்குமிடத்தில் நாக்கு கடினமாகவும், மெல்லினமும் இடையினமும் தொடங்குமிடத்தில் மென்மையாகவும் காற்றைத் தொட வேண்டும். தொல்காப்பியம் கற்ற தமிழாசிரியர் ஒருவரே இதற்குச் சிறந்த துணையாவார் என்றால் மிகையாகாது.

அடுத்து, விடுவதற்குக் கற்பான். குரலில் மின்னிய பிருகாக்களையெல்லாம் நகரும் குழலில் துரத்தினால் அவை குழம்பிச் சேறாகும். பத்துச் சுரங்கள் ஓடிய இடத்தில், அவற்றின் உயிர்ச்சுரங்கள் மூன்றை நிறுத்தினாற் போதும். மற்றவற்றைக் கேட்பவரின் நினைவே நிரப்பிக்கொள்ளும். வயலின்கள் பறந்த இடையிசையையும் அவ்வாறே சுருக்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளன் ஒவ்வொரு சொல்லையும் கொணர்வதில்லை. எது போனாற் பாட்டுப் போய்விடுமோ அதை மட்டும் உயிரென்று காப்பான். இசை அமைப்பும் ஒரு மொழிபெயர்ப்பே. ஆகையால்தான் இவ்விடயம் இலக்கியப் பகுதிக்கு உரியதென்கிறோம்.

மூன்றாவதாக, நால்வருக்கும் வேலை பகிர்வான். ஒருவர் பாட, மற்றவர் தாங்க வேண்டும். நாகசுரக் கச்சேரியில் ஒத்து என்ற குழல் இடையறாது சுருதியைக் காத்து நின்றதை முதியோர் அறிவர். பின்னர்ச் சுருதிப்பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. அவ்வொத்தின் வேலையை அடிக்குரல் டிரொம்போன்கள் இரண்டுக்குத் தரலாம். ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் ஊதினால் சுருதி அறாது. எஞ்சிய ஒருவர், பாட்டு ஓய்ந்து நிற்கும் இடங்களில் மட்டும் எதிர்மெட்டை எழுப்பலாம். இரண்டாஞ் சரணத்தில் பாட்டையே அடிக்குரலுக்குக் கொடுத்து, மேலே நின்றவரைச் சும்மா இருக்கச் செய்யலாம். சும்மா இருப்பதும் இசையின் பகுதியே. தவிலும் மிருதங்கமும் இல்லாக் குறையை, நடுக்குரல்களின் சிறு சிறு வெட்டோசைகள் ஈடுசெய்யும். முழக்கமே டிரொம்போனின் இயல்பென்று கருதுவோர், நான்கு டிரொம்போன்கள் தாழ்ந்த குரலில் மெதுவாக ஒலிக்கக் கேட்டதில்லை போலும். அவ்வோசையில், இரவிலே குடாவின் மறுகரையிலிருந்து வரும் மனிதக் குரலின் சாயல் உண்டு.

இராகத்தோடு பல குரல்களைக் கூட்டினால் இராகம் கெடும் என்பார் கூற்றையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. அவ்வச்சம் நியாயமானதே. ஒவ்வொரு சுரத்துக்கும் மேலைநாட்டுச் சுரக்கூட்டொன்றை இயந்திரம்போல் பொருத்தினால், இராகத்தின் முகம் சிதைவது உறுதி. எட்டுப் பேரும் ஒருங்கே கமகம் செய்தாலும் அவ்வாறே. ஆனால் துணைக்குரல்கள் அவ்விராகத்தின் ஆரோகண அவரோகண வழியிலேயே நடந்து, பாடும் குரல் அசையும்போது தாம் அசையாது நின்றால், இராகம் கெடுவதற்குப் பதிலாகத் தெளிவுபெறும். நம் திரையிசையிலேயே இதற்கு ஆசான்கள் உண்டு. இளையராஜா இராகத்தையும் எதிர்மெட்டையும் ஓரிலையில் உண்ண வைத்தவர்; வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் உரிய பகுதியைத் தம் கையாலேயே எழுதுபவர். 2025 மார்ச் 8ஆந் தேதி இலண்டனில் அவருடைய சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்ததென்றால், அது எழுதப்பட்டிருந்ததாலேயே வாசிக்க முடிந்தது. கற்பனை எத்துணை உயர்ந்ததாயினும் தாளில் இறங்காவிடின் அது பிறர் கைக்குச் செல்லாது.

திரைப்பாடல் தாழ்ந்தது, தேவாரமும் கீர்த்தனையும் இருக்க இது எதற்கு என்ற ஆட்சேபமும் எழும். தேவாரத்தையும் அமைக்கட்டும், யார் தடுத்தார்? ஆனால் கற்பவன் தன் செவியில் ஏற்கெனவே குடியிருக்கும் பாட்டிலிருந்து தொடங்கினால், தவறு நேருமிடத்தைத் தானே உணர்வான். அறியாத பாட்டில் பிழை ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். அறிந்த பாட்டில் அது மாணவனுக்கும் தெரியும். 1962இல் "கொஞ்சும் சலங்கை" படத்துக்காகக் காருகுறிச்சி அருணாசலம் நாகசுரம் வாசித்தார். 1968இல் "தில்லானா மோகனாம்பாள்" படத்துக்காக மதுரைச் சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுச்சாமியும் வாசித்தனர். நாகசுரம் அவற்றால் தாழ்ந்ததுண்டோ? அதுவரை கோயில் வாசலை மிதியாதார் செவியிலும் அது புகுந்தது.

உண்மையான தடை வேறோரிடத்தில் இருக்கிறது. நம் பாடசாலைகளில், க. பொ. த. சாதாரண தரத்துக்குக் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும் தனித்தனிப் பாடங்கள். ஒன்றைக் கற்பவர் மற்றொன்றைக் கற்பதில்லை. கர்நாடக சங்கீத மாணவிக்கு இராகம் தெரியும். ஐங்கோட்டுச் சுரக்குறி தெரியாது. பாண்ட் வாத்திய மாணவனுக்குச் சுரக்குறியைக் காணத் தெரியும். தான் ஊதும் பாட்டின் இராகம் தெரியாது. இருவரும் ஒரே கூரையின் கீழ், அடுத்தடுத்த அறைகளில் இருக்கின்றனர்; இடையிலே ஒரு சுவர். அச்சுவரில் ஒரு கதவைத் திறப்பதே நாம் வேண்டும் சீர்திருத்தம். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. அவ்விருவரையும் மாதம் ஒரு முறை ஒரு மேசையில் அமர்த்தி, ஒரு பாட்டைக் கொடுத்து, ஒருவர் சுரம் சொல்ல மற்றவர் கோட்டிலே எழுதட்டும். அமைப்பு முடிந்ததும், ஆக்கியோரின் பெயரை மறவாது தலைப்பிற் பொறித்து, பொதுமேடைக்குக் கொணருமுன் உரிமையாளரின் இசைவையும் பெறட்டும். மட்டக்களப்பிலே விபுலானந்த அடிகளின் பெயரால் இயங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகம் இம்முயற்சிக்கு வழிகாட்டினால், அது அவர் நினைவுக்கேற்ற பணியாகும். எழுதிய தாள்கள் பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரித் தட்டை நிரப்பத் தொடங்கும் நாள், இவ்வூர் இசைக்கு நல்ல நாள்.

ஊர்வலத்தில் ஊதி மூச்சுத் தேய்ந்த நம் முதுகலைஞர்களையும் அம்மேசைக்கு அழைக்க வேண்டும். அவர்கள் செவியில் உள்ளவற்றை மாணவர் எழுதிக்கொள்ளட்டும். அவர்களை ஆசிரியரென விளிக்கும் ஒரு வகுப்பறை இதுவரை இருந்ததில்லை, இனியேனும் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. திருகோணமலை தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒருவர் ஓசையை மற்றவர் கேட்டு வாழும் ஊர். கேட்கப் பொறாத காலங்களும் இருந்தன. அவற்றின் வடு இன்னும் ஆறிற்றென்று கூற இயலாது. சிங்களத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இனிய மெட்டமைத்த ஆர். முத்துசாமி தமிழர் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? மெட்டு எல்லையை முன்னரே கடந்திருக்கிறது. நான்கு டிரொம்போன்கள் அந்த மீனவர் பாட்டை வாசிக்கும்போது, தமிழறிந்தவர் நெஞ்சில் அதன் சொற்கள் ஒவ்வொன்றாக எழும். தமிழறியாதவர் சொல்லின்றி அதன் துயரை மட்டும் கேட்பார். அவர் வீட்டு வலையும் அதே கடலில்தான் நனைகிறது. தன் மொழியை விட்டுக்கொடாமலும் பிறர் மேல் சுமத்தாமலும் ஒரு பாட்டை இருவரும் பகிர்ந்துகொள்ள இது ஒரு வழி.

இந்தத் துறைமுகம் நெடுங்காலம் பித்தளையின் கட்டளையைக் கேட்டுப் பணிந்தது. இனி அப்பித்தளைக்கு நம் பிள்ளைகள் கற்பிக்கட்டும். கற்பிப்பதற்கு முதற்படி, எழுதுவது. பாட்டு நம்மிடம் உண்டு, வாத்தியமும் உண்டு, கோடிட்ட வெண்தாள்தான் காத்திருக்கிறது.